மாயூரம் முன்சீப் வேதநாயகம் பிள்ளை

காவிரி பாயும் சோழவளநாட்டில் நிலமே செல்வம். ஆதலின் வழக்கும் பெரும்பாலும் நிலத்தைப் பற்றியே எழும். வரப்புத் தகராறு, குத்தகை, பாகப்பிரிவினை, கடன் ஆகியவற்றால் நியாயஸ்தலத்தின் படியேறும் குடியானவனுக்குத் தன் வழக்கில் நடப்பது இன்னதென்று விளங்குதல் வேண்டுமன்றோ? அதன்பொருட்டு உழைத்த பெரியார் ஒருவரின் சரித்திரத்தை ஈண்டுச் சுருங்கக் கூறப் புகுகின்றோம்.

வேதநாயகம் பிள்ளை 1826-ஆம் ஆண்டு அக்டோபர் 11-ஆம் தேதி, திருச்சிராப்பள்ளியைச் சார்ந்த குளத்தூரில், கத்தோலிக்கக் குடும்பமொன்றில் பிறந்தார். தமிழும் ஆங்கிலமும் நன்கு பயின்று, திருச்சிராப்பள்ளி நியாயஸ்தலத்தில் முதலில் பத்திரங்களைக் காக்கும் உத்தியோகத்திலும், பின்னர் மொழிபெயர்ப்பாளராகவும் அமர்ந்தார். 1857-இல் தரங்கம்பாடி முன்சீப் ஆனார். பின்பு சீர்காழியிலும், இறுதியாக மாயூரத்திலும் நியாயம் வழங்கினார். மாயூரத்தில் பதின்மூன்று ஆண்டுகள் இருந்தமையால் அவ்வூர்ப் பெயரே அவர் பெயருக்கு அடைமொழியாயிற்று.

அக்காலத்தில் சென்னைச் சதர் கோர்ட்டின் தீர்ப்புகள் கீழ்க்கோர்ட்டுகளுக்கு வழிகாட்டியாயிருந்தன. அவையோ ஆங்கிலத்தில் இருந்தன. தன் நிலத்தின் கதியை நிச்சயிக்கும் விதி யாதென்பதை, ஆங்கிலம் அறியாத கட்சிக்காரன் அறிய வழியில்லை. இக்குறையைக் கண்ட பிள்ளையவர்கள், 1805 முதல் 1861 வரையுள்ள தீர்ப்புகளைத் திரட்டித் தமிழாக்கி, சித்தாந்த சங்கிரகம் என்னும் பெயரால் 1862-இல் வெளியிட்டார். சதர் கோர்ட்டு மறைந்து சென்னை ஹைகோர்ட்டு தோன்றியதும் அவ்வாண்டிலேயாம்.

உத்தியோகத்தினின்றும் ஓய்வுற்ற பின்னரும் அவர் வாளாவிருந்தாரல்லர். 1876 முதல் 1878 வரை நிகழ்ந்த கொடிய பஞ்சத்தில் ஏழைகட்குக் கஞ்சி வார்த்தார். 1879-இல் வெளிவந்த பிரதாப முதலியார் சரித்திரத்தில், தமிழரே நியாயாதிபதியாகவும் தமிழரே கட்சிக்காரராகவும் இருக்கும் கோர்ட்டில் வக்கீல்கள் ஆங்கிலத்தில் வாதிக்கும் விந்தையைக் கதையின் வாயிலாகக் கண்டித்தார். 1889-ஆம் ஆண்டு ஜூலை 21-ஆம் தேதி இம்மண்ணுலகு நீத்தார்.

அமெரிக்க நாட்டினர் 1791-இல் தம் அரசியலமைப்பின் ஆறாந் திருத்தத்தால், குற்றஞ் சாட்டப்பட்டவனுக்கு அக்குற்றத்தின் தன்மையை அறியவும், சாட்சிகளை நேர்நின்று வினவவும், வக்கீலின் துணை பெறவும் உரிமை அளித்தனர். அது குற்ற வழக்கிற்கு உரியது. பிள்ளையவர்கள் விசாரித்தவையோ சிவில் வழக்குகள். ஆயினும் இரண்டிற்கும் வேர் ஒன்றே. அறியாத மொழியில் அளிக்கப்படும் நீதி, உரியவனுக்குப் பாதி நீதியேயாம்.

தமிழகத்தின் கீழ்க்கோர்ட்டுகளில் தமிழ் வழங்குதற்கு 1976-இல் சட்டம் திருத்தப்பட்டது. ஹைகோர்ட்டிலோ அரசியலமைப்பின் 348-ஆம் பிரிவின்படி இன்றும் ஆங்கிலமே ஆட்சி செய்கின்றது. ஆதலின் பிள்ளையவர்கள் தொடங்கிய பணி முற்றுப்பெறவில்லை. இக்கல்லூரியினின்று சட்டம் பயிலச் செல்லும் நண்பர்கள், சட்டமும் தமிழும் ஒருங்கே கற்று, கட்சிக்காரனுக்கு அவன் வழக்கை அவன் மொழியிலேயே விளக்க வல்லவராதல் வேண்டும். மாயூரம் முன்சீப்பிற்கு நாம் எடுக்கத்தக்க ஞாபகச் சின்னம் அதுவேயாகும்.