பள்ளிக்கு வராத பிள்ளையைத் தேடியவர்: நெ. து. சுந்தரவடிவேலு

வெள்ளி விழாக் காணும் எம் கல்விச் சங்கத்தின் மலரில் சான்றோர் ஒருவரின் வரலாறு இடம்பெற வேண்டுமென முடிவானபோது, யாரை எழுதுவது என்பதில் எம்முள் கருத்து வேற்றுமை எழுந்தது. அண்ணல் அம்பேத்கரையும், இரட்டைமலை சீனிவாசனாரையும், எம். சி. ராஜாவையும் பற்றி எம் மலர்கள் பலமுறை எழுதியுள்ளன. இம்முறை நம் குலத்தில் பிறவாத ஒருவரை, அதுவும் ஓர் அரசு அதிகாரியை, எடுத்துக்கொண்டோம். இதனை மூத்தோர் சிலர் விரும்பவில்லை. எனினும் செவ்வாய்ப்பேட்டையில் இன்று அறுபது, எழுபது வயதை எட்டியுள்ள நம் மக்களில் எழுதப் படிக்கத் தெரிந்தவர் பலரும், அவர் பெயரை அறியாமலேயே, அவர் அமைத்த பந்தியில் உண்டு கற்றவரேயாவர். ஆகவே அவர்தம் வாழ்வை நிறை குறைகளுடன் ஈண்டு எழுதத் துணிந்தோம்.

நெய்யாடுபாக்கம் துரைசாமி சுந்தரவடிவேலு 1912ஆம் ஆண்டு அக்டோபர் 12ஆம் நாள் காஞ்சிபுரத்தை அடுத்த நெய்யாடுபாக்கம் என்னும் சிற்றூரில் பிறந்தார். காஞ்சிபுரத்திலும் பின்னர்ச் சென்னை மாநிலக் கல்லூரியிலும் பயின்றார். தந்தை பெரியாரின் சுயமரியாதை இயக்கத்தில் இளமையிலேயே ஈடுபாடு கொண்டார். குத்தூசி குருசாமியின் துணைவியார் குஞ்சிதம் அம்மையாரின் தங்கை காந்தம்மையாரைச் சாதி பாராது சுயமரியாதை முறையில் மணந்தார். அரசுப் பணியிலிருந்த ஒருவர் அக்காலத்தில் அவ்வாறு மணம் செய்துகொள்வது எளிய செயலன்று. மேடையில் சாதியை எதிர்ப்போர் பலரை நாம் கண்டிருக்கிறோம். தம் வீட்டில் எதிர்த்தவர் சிலரே.

கல்வித்துறையில் அவர் ஆய்வாளராகவும் மாவட்ட அதிகாரியாகவும் பணியாற்றிப் படிப்படியாக உயர்ந்தார். ஊர் ஊராகச் சென்று பள்ளிகளைப் பார்வையிடுவது அப்பணியின் இயல்பு. ஆய்வாளர் வருகிறார் என்றால் ஆசிரியர் நடுங்குவார்; வருகைப் பதிவேடு திருத்தப்படும்; வராத பிள்ளைகளும் அன்று ஒரு நாள் பிடித்து வரப்படுவர். பதிவேட்டில் பெயருள்ள பிள்ளைக்கும் பலகைமுன் அமர்ந்துள்ள பிள்ளைக்கும் இடையேயிருந்த வேறுபாட்டை அவர் இப்பணியில்தான் கண்டுகொண்டிருக்க வேண்டும் என்பது எம் கருத்து. பின்னாளில் அவர் மேற்கொண்ட செயல்களுக்கெல்லாம் அவ்வேறுபாடே தொடக்கமாயிற்று.

இவ்விடத்தில் சேலத்தாராகிய நாம் ஒரு செய்தியை நினைவுகூர வேண்டும். 1917 முதல் சேலம் நகராட்சித் தலைவராக இருந்தவர் இராஜாஜி. அப்பதவியில் அவர் தீண்டாமைக்கு எதிராக நடந்துகொண்டவர் என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் அவர் முதலமைச்சராக இருந்த 1953இல், நாட்டுப்புறத் தொடக்கப் பள்ளிகளில் நாளொன்றுக்கு மூன்று மணி நேரமே பாடம், எஞ்சிய பொழுதில் பிள்ளை தன் பெற்றோரின் தொழிலைக் கற்கட்டும் என்னும் திட்டத்தைக் கொண்டுவந்தார். பள்ளிக் கட்டடமும் ஆசிரியரும் போதாத நிலையில் இருமடங்கு பிள்ளைகளுக்கு இடமளிக்கலாம் என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம். கணக்கு சரியாக இருக்கலாம். ஆயின் செத்த மாட்டைத் தூக்குபவரின் மகனும், பறை கொட்டுபவரின் மகனும், பண்ணையாளின் மகளும் எஞ்சிய பொழுதில் எதைக் கற்பர் என்று எண்ணிப் பார்த்தோர் கொதித்தெழுந்தனர். எதிர்ப்பு மூண்டது. 1954 ஏப்ரலில் காமராசர் முதலமைச்சரானார். அடுத்த மாதமே அத்திட்டம் கைவிடப்பட்டது.

திட்டத்தைக் கைவிடுவது எளிது. அது விடை கூற முயன்ற வினா அப்படியே நின்றது. ஆசிரியர் இல்லை, கட்டடம் இல்லை, பணம் இல்லை. பிள்ளைகளோ இலட்சக்கணக்கில் பள்ளிக்கு வெளியே. இந்நிலையில்தான் காமராசர், நாற்பத்திரண்டு வயதே ஆகியிருந்த சுந்தரவடிவேலுவைப் பொதுக்கல்வி இயக்குநர் பொறுப்பில் அமர்த்தினார். கல்வியமைச்சராகச் சி. சுப்பிரமணியம் இருந்தார்.

பொறுப்பேற்றவர் எதை முதலில் எடுத்துக்கொண்டார் என்பதே அவரை நாம் போற்றுவதற்குக் காரணம். பாடத்திட்டத்தைச் செப்பனிடுவது, தேர்வு முறையை மாற்றுவது, உயர்நிலைப் பள்ளிகளின் தரத்தைக் கூட்டுவது ஆகியனவும் அவர் மேசைமீது இருந்திருக்கும். அவரோ பள்ளியே இல்லாத ஊரையும், பள்ளி இருந்தும் வராத பிள்ளையையும் முன்னே வைத்தார். படித்து வேலையற்றோருக்கு வாழ்வளிக்க மத்திய அரசு அந்நாளில் ஒரு திட்டம் வகுத்திருந்தது. அதனைப் பயன்கொண்டு, பள்ளியில்லாச் சிற்றூர்களில் ஓராசிரியர் பள்ளிகளை விரைந்து திறந்தார். ஐந்நூறு பேர் வாழும் ஊருக்கு ஒரு பள்ளி என்று தொடங்கிய கணக்குப் பின்னர் முந்நூறாகக் குறைக்கப்பட்டது. ஒரு மைலுக்குள் தொடக்கப் பள்ளி, மூன்று மைலுக்குள் நடுநிலைப் பள்ளி, ஐந்து மைலுக்குள் உயர்நிலைப் பள்ளி என்பது குறிக்கோளாயிற்று. கட்டடம் வரும்வரை காத்திராமல் திண்ணையிலும் சத்திரத்திலும் மரத்தடியிலும் வகுப்புகள் நடந்தன. ஓராசிரியர் ஐந்து வகுப்பையும் நடத்துவது கல்வியா என்று ஏளனம் செய்தோர் உண்டு. ஆசிரியரே இல்லாத ஊரில் வாழ்ந்தோர் அவ்வாறு ஏளனம் செய்ததாக நாம் கேள்விப்பட்டதில்லை.

பள்ளி திறந்தும் பிள்ளை வரவில்லை. காரணம் பசி. மாடு மேய்த்தால் ஒரு வேளைக் கூழ் கிடைக்கும். பள்ளிக்குப் போனால் அதுவும் போகும். இதற்கு வழி முன்னரே தெரியாததன்று. 1920இல் சர் பிட்டி தியாகராயர் தலைமையிலிருந்த சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளியில் பிள்ளைக்கு ஓரணாச் செலவில் சிற்றுண்டி வழங்கத் தொடங்கியது. அது இடையில் நின்றும் மீண்டும் தொடர்ந்தும் வந்தது. நம் மக்களுக்கென அரசு நடத்திய பள்ளிகள் சிலவற்றிலும் உணவளிக்கும் வழக்கம் இருந்தது. மாநிலம் முழுமைக்கும் அதனை விரிக்க வேண்டும் என்பது காமராசரின் விருப்பம். கருவூலம் தாங்குமா என்ற ஐயம் பலமாக இருந்ததால், முதலில் ஊராரின் ஈகையைக் கொண்டே தொடங்குவதென முடிவு செய்தனர். ஊர்தோறும் அரிசியும் பருப்பும் விறகும் திரட்டி உலையேற்றச் செய்யும் பொறுப்பு இயக்குநருடையதாயிற்று. 1956இல் பாரதியார் பிறந்த எட்டயபுரத்தில் பகலுணவு தொடங்கப் பெற்றது. 1957 நவம்பர் முதல் அரசும் பங்கேற்றது. அவ்வாண்டுதான் புழக்கத்துக்கு வந்திருந்த புதுக்காசுக் கணக்கில், பிள்ளை ஒன்றுக்கு ஒரு வேளைச் செலவு 10 காசு. அதில் அரசு தந்தது 6 காசு, ஊரார் தர வேண்டியது 4 காசு. 1961 முதல் அமெரிக்கக் ‘கேர்’ நிறுவனம் பால் பொடியும் எண்ணெயும் தானிய மாவும் வழங்கித் துணைநின்றது.

இந்த 10 காசைப் பற்றிச் சற்று விரிவாகவே பேச வேண்டும். அரசு தந்த 6 காசு உரிமை. அதைப் பெறப் பிள்ளை யாரையும் வணங்க வேண்டியதில்லை. ஊரார் தந்த 4 காசோ கொடை. கொடுத்தவர் பெரும்பாலும் நிலமுடையவர். உண்டவரில் பலர் அந்நிலத்தில் உழைத்தவரின் பிள்ளைகள். எவர் சமைப்பது, எவர் பரிமாறுவது, யார் பக்கத்தில் யார் அமர்வது என்பதையெல்லாம் கொடுத்தவரின் மனம் பார்த்தே பல ஊர்களில் நடத்தினர். எம் மூத்த உறுப்பினர் ஒருவர், நாமக்கல் பக்கத்துச் சிற்றூர்ப் பள்ளியொன்றில் தாம் படித்த நாளில், சேரிப் பிள்ளைகளின் பந்தி வாசற்படிக்கு வெளியே இடப்பட்டதையும், தட்டைத் தாமே கொண்டுவர வேண்டியிருந்ததையும் இன்றும் சொல்வார். அதே மூச்சில், அந்தச் சோறு இல்லையேல் மூன்றாம் வகுப்பைத் தாண்டியிருக்க மாட்டேன் என்றும் சொல்வார். இவ்விரண்டையும் சேர்த்தே நாம் எழுதுகிறோம். ஒன்றை விட்டு மற்றொன்றை எழுதினால் அது வரலாறாகாது.

இக்குறைக்கு இயக்குநரே பொறுப்பென்று சொல்லோம். சாதியை வெறுத்த அவர், எல்லாப் பிள்ளைகளும் ஒரே பந்தியில் உண்பதையே விரும்பியிருப்பார் என்பதில் எமக்கு ஐயமில்லை. ஆயினும் ஊராரின் மனமகிழ்ச்சியை நம்பி நடக்கும் எத்திட்டமும், ஊருக்குள் சேராதவனைப் பந்தியின் கடைசியில்தான் நிறுத்தும். இதனை அவர் அறிந்திருந்தும் வேறு வழியின்றித் தொடங்கினார் எனலாம். பணம் வரட்டும் என்று காத்திருந்தால் ஒரு தலைமுறை போயிருக்கும்.

அவருடைய மற்றொரு புதுமுயற்சி பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள். 1958இல் அன்றைய செங்கற்பட்டு மாவட்டத்துக் கடம்பத்தூரில் முதல் மாநாடு கூடிற்று. ஒவ்வொரு பள்ளிக்கும் என்னென்ன தேவை என்பதை ஆசிரியரும் ஆய்வாளரும் ஊராரும் கூடிப் பட்டியலிடுவர். கரும்பலகை, நாற்காலி, கூரை, கிணறு, விளையாட்டுத் திடல் என அது நீளும். எவர் எதைத் தருவார் என்று பேசி முடித்து, வட்டாரத்துப் பள்ளிகள் அனைத்துக்குமாக ஒரு விழா எடுத்து, மேடையில் அவற்றை ஒப்படைப்பர். மாநிலம் முழுதும் இம்மாநாடுகள் பரவின. பிற மாநிலத்தாரும் வந்து கண்டு சென்றனர். குற்றங்காணப் போன ஆய்வாளர், கைகூப்பிக் கொடை கேட்கப் போனார் என்பதே இதிலுள்ள புதுமை. துறையின் நடையையே இது மாற்றிற்று. பிள்ளைகளுக்குச் சீருடை வழங்குவதும் இவ்வியக்கத்தின் வழியாகவே பரவியது. கிழிந்த ஆடையைக் கொண்டு பிள்ளையின் சேரியைக் கண்டுகொள்ளும் வழக்கத்தைச் சீருடை ஓரளவு மறைத்தது என்பது நமக்கு நன்மையே. ஆயினும் வளமுள்ள ஊரின் பள்ளி மேலும் வளம் பெற்றதும், கொடுப்பார் இல்லாத சேரிப் பள்ளி கூரையின்றி நின்றதும் கண்கூடு. மாநாட்டு மேடை அதற்கு விடை காணவில்லை.

ஆசிரியர் நலனையும் அவர் மறந்தாரல்லர். தனியார் நடத்திய உதவிபெறும் பள்ளிகளின் ஆசிரியர்க்கு ஓய்வூதியம், சேமநல நிதி, ஆயுள் காப்பீடு ஆகிய மூன்றையும் ஒருசேர வழங்கும் திட்டம் 1955இல் வந்தது. 1960களில் பள்ளியிறுதி வகுப்புவரை கல்விக் கட்டணமும் நீங்கிற்று. இவற்றில் காமராசரின் பங்கு எவ்வளவு, சுப்பிரமணியத்தின் பங்கு எவ்வளவு, இயக்குநரின் பங்கு எவ்வளவு என்று நிறுத்துப் பார்ப்பது ஆகாத வேலை. கட்டளையிட ஒருவரும் நிறைவேற்ற ஒருவரும் வேண்டும். நிறைவேற்றுபவர் மனமின்றிச் செய்தால் எந்தக் கட்டளையும் கோப்பில் உறங்கும். நம் நலனுக்கென வந்த ஆணைகள் எத்தனை அவ்வாறு உறங்கின என்பதை அறிந்த நமக்கு இதனை விளக்க வேண்டியதில்லை.

1961இல் அவருக்குப் பத்மசிறீ விருது வழங்கப் பெற்றது. 1969இல், இருபத்தேழு ஆண்டுக் காலம் அப்பதவியில் இருந்த ஏ. இலட்சுமணசாமி முதலியாரை அடுத்துச் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தரானார். 1975 வரை அப்பணியாற்றினார். ஓய்வுக்குப்பின் தம் வாழ்க்கையை ‘நினைவு அலைகள்’ என்னும் பெயரில் விரிவாக எழுதினார். 1993 ஏப்ரலில் மறைந்தார்.

அவர் தொடங்கிய பந்தி பின்னர்ப் பலவாறு விரிந்தது. 1982இல் எம். ஜி. ஆர். அரசு அதனைச் சத்துணவுத் திட்டமாக்கியபோது ஊராரின் 4 காசுக்கு இடமில்லாது போயிற்று. 2022இல் தொடக்கப் பள்ளிகளில் காலை உணவும் தொடங்கியது. சமையற்பணியில் தாழ்த்தப்பட்ட பெண்டிரும் அமர்த்தப் பெற்றனர். அந்தச் சோற்றுக்கும் எதிர்ப்பு வந்தது. 2018இல் திருப்பூர் மாவட்டத்துப் பள்ளியொன்றில், நம் குலத்துப் பெண்மணி சமைத்த உணவைத் தம் பிள்ளைகள் உண்ணலாகாதென்று சிலர் தடுத்தனர். அதிகாரிகள் முதலில் அவரையே வேறிடத்துக்கு மாற்றினர். போராட்டத்துக்குப் பின்னரே அம்மாற்றம் நீக்கப்பட்டு, தடுத்தோர்மீது வழக்கும் பதிவாயிற்று. ஐம்பதுகளில் பந்தி வாசற்படிக்கு வெளியே இருந்தது. பின்னர் உலை முன்னே நிற்பவர் யார் என்பதில் வழக்கு நடந்தது.

செவ்வாய்ப்பேட்டையில் இன்று பள்ளிக்குக் குறைவில்லை, சோற்றுக்கும் குறைவில்லை. எட்டாம் வகுப்பை முடித்த பையன் கொலுசுப் பட்டறைக்கோ லீ பஜார் மூட்டைக்கோ போய்விடுவதுதான் எம் கவலை. ஆண்டுதோறும் சூன் மாதத்தில் எம் உறுப்பினர்கள் பள்ளிப் பதிவேட்டில் பெயருள்ள பிள்ளைகளின் வீடுகளுக்கு மாலையில் செல்கின்றனர். பிள்ளை வீட்டில் இல்லையெனில் பட்டறை வாசலுக்குச் சென்று நிற்கின்றனர். சுந்தரவடிவேலுவின் பெயரை அறியாமலேயே இதனை எம் சங்கம் தொடங்கியது. அவர் நூலைப் படித்த பின்னரே இது யார் காட்டிய வழி என்று அறிந்தோம். ‘நினைவு அலைகள்’ எம் படிப்பகத்தில் உள்ளது. ஞாயிறு தவிர்த்த நாள்களில் மாலை ஆறு மணிக்குமேல் வந்து படிக்கலாம்.