ஓட மறுத்த பையன் எமில் சாட்டோபெக்

1941ஆம் ஆண்டு. மொறாவியாவின் ஸ்லீன் நகரத்திலுள்ள பாட்டா சப்பாத்துத் தொழிற்சாலையில் வேலை பழகிக்கொண்டிருந்த பதினெட்டு வயது இளைஞன் ஒருவனை, நகரத் தெருக்களில் நடைபெறவிருந்த ஓட்டப் போட்டியில் கலந்துகொள்ளுமாறு விளையாட்டுப் பயிற்சியாளர் கட்டளையிட்டார். (நம் நாட்டில் இறப்பர்ச் செருப்புக்கே பாட்டா என்று பெயர் வந்துவிட்டதல்லவா, அதே பாட்டாதான்.) அவனுக்கோ ஓட்டத்தில் சற்றும் விருப்பமில்லை. தான் பலவீனமானவன், ஓடத் தகுதியற்றவன் என்று சாட்டுச் சொன்னான். பயிற்சியாளர் விடவில்லை, வைத்தியரிடம் அனுப்பினார். வைத்தியரோ உடலில் ஒரு குறையுமில்லை என்று கூறிவிட்டார். வேறு வழியின்றி ஓடினான். ஓடத் தொடங்கிய பின் தோற்றுப்போக மனம் இடங்கொடுக்கவில்லை. நூறு பேரில் இரண்டாவதாக வந்து சேர்ந்தான்.

அந்த இளைஞனே பின்னாளில் உலகம் வியந்து பார்த்த எமில் சாட்டோபெக். 1922 செப்டெம்பர் 19ஆம் திகதி கொப்ரிவ்னிச்சே என்னும் சிற்றூரில், பிள்ளைகள் நிறைந்த ஓர் ஏழைத் தச்சுத் தொழிலாளியின் குடும்பத்திற் பிறந்தவர். பதினாறு வயதிலேயே பிழைப்புத் தேடித் தொழிற்சாலைக்கு வந்தவர். ஓட்டத்திற்கென்று பிறந்த உடலமைப்போ, வசதியோ, பெயர்பெற்ற ஆசானோ அவருக்கு இருந்ததில்லை. அப்படியானால் அவர் வேகத்தை எங்கிருந்து பெற்றார்? இதுதான் அவருடைய வாழ்க்கையில் நாம் நின்று கவனிக்க வேண்டிய இடம்.

அக்காலத்தில் நெடுந்தூர ஓட்டம் பழகுவோரிற் பெரும்பாலானோர் ஒரே சீராக நீண்ட தூரம் ஓடுவதையே பயிற்சி என எண்ணினர். புதிதாக வந்த சாட்டோபெக் வேறுவிதமாகச் சிந்தித்தார். மெதுவாக ஓடுவதற்குத் தமக்கு ஏற்கெனவே தெரியும். தெரியாதது வேகமாக ஓடுவதுதான். ஆகவே பழக வேண்டியது அதையே என்று முடிவு செய்தார். நூறு மீற்றர் வேகமாக ஓடுவார். மெல்ல ஓடித் திரும்பி வந்து மூச்சு ஆறுவார். மறுபடியும் நூறு மீற்றர். பார்த்தவர்கள் சிரித்தனர். நெடுந்தூரம் ஓட வந்தவன் குறுந்தூர ஓட்டக்காரனைப்போல் ஏன் பாய்கிறான் என்றனர். அவருடைய கணக்கோ எளிது. நூறு மீற்றரை இருபது தடவை ஓடினால் இரண்டாயிரம் மீற்றரை வேகமாக ஓடியதாகிறது. ஒரே மூச்சில் அந்த வேகத்தில் இரண்டாயிரம் மீற்றர் ஓட எவராலும் இயலாது. இடையிடையே ஆறி ஆறி ஓடினால் இயலும்.

இம்முறையை உலகில் முதன்முதல் கண்டவர் அவரல்லர். பின்லாந்து வீரர் பாவோ நூர்மியைப் பற்றி வாசித்தறிந்தவற்றை அவர் பின்பற்றினார். ஜேர்மனியிலும் 1930களில் இத்தகைய இடைவேளைப் பயிற்சி நடந்தது. ஆனால் இவரளவுக்கு அதை நம்பி, இவரளவுக்கு அதில் உழைத்தவர் அதற்கு முன் இல்லை எனலாம். 1944இல் 2000, 3000, 5000 மீற்றர் தூரங்களில் தமது நாட்டின் சாதனைகளை முறியடித்தார். யுத்தம் முடிந்ததும் இராணுவத்திற் சேர்ந்தார். அங்கே கனத்த இராணுவச் சப்பாத்துக்களுடன் காட்டுப் பாதைகளிலும் பனியிலும் ஓடினார். 200 மீற்றர் ஐந்து, 400 மீற்றர் இருபது, மீண்டும் 200 மீற்றர் ஐந்து, ஒவ்வொன்றுக்கும் இடையே மெதுவோட்டம் என்பது அவருடைய ஒருநாட் பயிற்சி. பிற்காலத்தில் 400 மீற்றரை ஒரே நாளில் நூறு தடவைகூட ஓடியதுண்டு.

இதைப் படித்துவிட்டு நாளைக் காலையே இருபது தடவை ஓடப் புறப்படும் தம்பிமாருக்கு ஒரு வார்த்தை. இந்த எண்ணிக்கைக்கு அவர் வந்து சேரப் பல வருடங்கள் சென்றன. புதிதாகத் தொடங்குபவர் கிழமையில் ஒரு நாள் நாலைந்து தடவை வேகமாக ஓடி, மற்ற நாட்களில் பேசிக்கொண்டே ஓடக்கூடிய அளவில் மெதுவாக ஓடினாற் போதும். தசையையும் எலும்பையும் விட மூச்சு விரைவிற் பழகிக்கொள்ளும். மூச்சு தாங்குகிறதே என்று தூரத்தைக் கூட்டியவர்கள்தான் கால் நோவுடன் வீட்டில் இருக்கிறார்கள். சாட்டோபெக்கே வேலைக்குப் போகும் வழியில், நாளுக்கொரு மரமாகத் தூரத்தைக் கூட்டி, மூச்சை அடக்கி நடந்து பார்த்து ஒருநாள் மயங்கி விழுந்தவர். எல்லாவற்றிலும் அவரைப் பின்பற்ற வேண்டியதில்லை.

1948இல் இலண்டன் ஒலிம்பிக்கில் 10,000 மீற்றரில் தங்கம் வென்றார். 5000 மீற்றரில் பெல்ஜிய வீரர் றீஃப்பிடம் மயிரிழையில் தோற்றார். அவ்வாண்டிலேயே ஈட்டி எறிதல் வீராங்கனை டானாவை மணந்தார். இருவரும் பிறந்தது ஒரே ஆண்டு, ஒரே மாதம், ஒரே நாள்! 1951இல் ஒரு மணி நேரத்தில் இருபது கிலோமீற்றருக்கு மேல் ஓடிய முதல் மனிதரானார்.

பின்னர் வந்தது 1952, ஹெல்சிங்கி. முதலில் 10,000 மீற்றரில் தங்கம். அடுத்து 5000 மீற்றர். கடைசிச் சுற்றில் அவர் நாலாம் இடத்துக்குப் பின்தள்ளப்பட்டார். முகம் கோணி, தலை ஆட, நாக்கு வெளியே தள்ள ஓடும் அவரது கோலத்தைக் கண்டவர்கள் இவர் இனித் தேறமாட்டார் என்றே நினைத்திருப்பர். கடைசி வளைவில் மூவரையும் சுற்றிக் கடந்து வென்றார். அன்று பிற்பகலே டானாவும் ஈட்டி எறிதலில் தங்கம் பெற்றார். இத்துடன் நிறுத்தியிருக்கலாம். அவரோ அதற்கு முன் ஒருமுறையேனும் ஓடியிராத மரதன் ஓட்டத்திற்கும் பெயர் கொடுத்திருந்தார். வழியில், அப்போதைய மிகச் சிறந்த மரதன் வீரரான இங்கிலாந்தின் ஜிம் பீற்றர்சை அணுகி, இந்த வேகம் சரிதானா என்று வெள்ளை மனத்துடன் விசாரித்தார். களைத்திருந்த பீற்றர்ஸ், இது மெதுவென்று சொல்லிவைத்தார். சாட்டோபெக் அதை நம்பி வேகத்தைக் கூட்டினார்! பீற்றர்ஸ் இடைவழியில் விலக, இவர் 2 மணி 23 நிமிடங்களில் தனியே மைதானத்திற்குள் நுழைந்தார். அம்மூன்று தங்கங்களையும் ஒரே ஒலிம்பிக்கில் வேறெவரும் இதுவரை பெற்றதில்லை.

1956இல் மெல்பேர்ணில், சத்திரசிகிச்சைக்குப் பின் சில கிழமைகளே சென்ற நிலையில் ஓடி ஆறாவதாக வந்தார். வென்றவர், பல ஆண்டுகள் இவருக்குப் பின்னால் இரண்டாவதாக வந்த பிரான்சு வீரர் அலன் மிமூன். களைப்பை மறந்து இவர் அவரைக் கட்டித் தழுவி வாழ்த்தினார்.

மைதானத்திற்கு வெளியே வந்த சோதனையே கடினமானது. 1968இல் செக்கோசிலோவாக்கியாவில் சுதந்திரம் கோரியவர்களின் பக்கம் அவர் பகிரங்கமாக நின்றார். ஆகஸ்டில் சோவியத் தாங்கிகள் பிறாக் நகருக்குள் புகுந்தன. கேணலாயிருந்த அவர் இராணுவத்திலிருந்தும் கட்சியிலிருந்தும் நீக்கப்பட்டார். நிலத்தைத் துளையிடும் தொழிலாளருடன் ஊர் ஊராக, மனைவியைப் பிரிந்து வருடக்கணக்கில் வேலை செய்தார். 1971இல் தமது முந்திய நிலைப்பாட்டைப் பகிரங்கமாகக் கைவிட்டார். அது சில நண்பர்களை நோகச் செய்தது. அவரைக் குற்றஞ்சாட்டுமுன் அந்த வருடங்களில் அங்கு வாழ்ந்தோரின் நிலையை எண்ணிப் பார்ப்பதே நியாயம் என்று எமக்குத் தோன்றுகிறது. 1990இற்றான் அவருடைய மதிப்பு மீட்டளிக்கப்பட்டது. 2000 நவம்பர் 22ஆம் திகதி பிறாக்கில் காலமானார். டானா 2020 வரை வாழ்ந்தார்.

அந்தச் சோதனைக் காலத்திற்குச் சற்று முன் நடந்த ஒன்றையும் கூறவேண்டும். அவுஸ்திரேலிய வீரர் றொன் கிளார்க் உலக சாதனைகள் பல படைத்தும் ஒலிம்பிக் தங்கம் கிட்டாதவர். 1966இல் அவர் பிறாக்கிற்கு வந்தார். விடைபெறும்போது விமான நிலையத்தில் சாட்டோபெக் அவர் கையில் ஒரு சிறு பொதியைத் திணித்தார். வெளிநாட்டுக்கு இரகசியமாகக் கடத்த வேண்டிய ஏதோவொன்று என்று எண்ணிய கிளார்க், விமானம் புறப்பட்ட பின்பே அதைத் திறந்து பார்த்தார். உள்ளே, ஹெல்சிங்கியில் 10,000 மீற்றருக்குக் கிடைத்த அந்தத் தங்கப் பதக்கம் இருந்தது.