தராசும் ஊசியும் காத்த உயிர்

நூறு ஆண்டுகளுக்கு முன் நீரிழிவு என்றாலே மக்கள் நடுங்கினார்கள். அமெரிக்காவில் பாஸ்டன் நகரைச் சேர்ந்த டாக்டர் ஜார்ஜ் மைனாட்டை அந்த வியாதி 1921ல் பற்றியது. அப்போது அவருக்கு வயது 35. வைத்தியர் குடும்பத்தில் 1885ல் பிறந்து, ஹார்வர்டு சர்வகலாசாலையில் வைத்தியம் பயின்று, ரத்த சம்பந்தமான நோய்களில் ஆராய்ச்சி செய்து வந்தவர் அவர்.

நோயை அடக்கும் மருந்து அன்று கிடையாது. நீரிழிவு வைத்தியத்தில் புகழ் பெற்ற டாக்டர் எலியட் ஜாஸ்லின் அவருக்குக் கடும் பத்தியம் விதித்தார். மைனாட் ஆகாரத்தைத் தராசில் நிறுத்துச் சாப்பிட்டார். உடல் இளைத்தது, ஆனால் உயிர் நின்றது.

1922 ஜனவரியில் கனடாவின் டொரான்டோ நகரில் ஒரு சிறுவனுக்கு முதன்முதலாக இன்ஸுலின் ஊசி போடப்பட்டது. அடுத்த ஆண்டு அது மைனாட்டுக்கும் கிடைத்தது. போன பலம் திரும்பியது. ஊசி வந்துவிட்டதே என்று அவர் பத்தியத்தைக் கைவிடவில்லை. ஆகாரத்தின் அளவும் இன்ஸுலின் அளவும் பொருந்தாவிட்டால், ரத்தத்தில் சர்க்கரை ஏறும். அல்லது ஆபத்தான அளவுக்கு இறங்கும்.

ஈரல் செய்த அற்புதம்

பிழைத்து எழுந்த மைனாட் பிறர் உயிரைக் காக்க முனைந்தார். அந்நாளில் ஒருவகைக் கொடிய ரத்த சோகைக்குச் சிகிச்சையே இல்லை. ரத்தம் குறைந்த நாய்களுக்கு ஈரலைக் கொடுத்தால் ரத்தம் விரைவில் ஊறுகிறது என்று டாக்டர் விப்பிள் கண்டிருந்தார். மைனாட்டும் டாக்டர் மர்பியும் 45 நோயாளிகளுக்குத் தினந்தோறும் ஈரலைக் கொடுத்து வந்தார்கள். சாவை எதிர்நோக்கியிருந்தவர்கள் தேறினார்கள். 1926ல் இந்தச் செய்தி வெளியாயிற்று. 1934ல் மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

நாய்களைத் தேற்றியது பெரும்பாலும் ஈரலில் உள்ள இரும்புச் சத்து என்பதும், மனிதரைக் காத்தது வேறொரு சத்து என்பதும் பின்னால் தெரிந்தன. 1948ல் அது சிவப்பு நிறப் படிகமாகப் பிரித்தெடுக்கப்பட்டது. அதுதான் வைட்டமின் பி12. அதன் நடுவில் இருப்பது கோபால்ட் என்ற உலோகம். உடம்புக்கு வேண்டிய அளவு மிகச் சிறிது. அது இல்லாவிட்டால் ரத்தமும் நரம்பும் கெடும்.

நீரிழிவுக்காரர்கள் இதை அறிந்திருப்பது நல்லது. இன்று பலர் சாப்பிடும் மெட்பார்மின் மாத்திரை, பல ஆண்டு பழகினால் சிலருக்கு பி12 சத்தைக் குறைத்துவிடுகிறது. பால், முட்டை, மீன், ஈரல் ஆகியவற்றில் இச்சத்து உண்டு. அசதியோ, கைகால் மதமதப்போ கண்டால் டாக்டரிடம் சொல்லி ரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். மாத்திரையைத் தாமாக நிறுத்தக் கூடாது. சத்துள்ள ஆகாரம் மருந்துக்குத் துணையே தவிர, மருந்துக்குப் பதில் ஆகாது.

மைனாட் 1950ல் தமது 64வது வயதில் காலமானார். இன்ஸுலின் வரும்வரை அவரைத் தாங்கியது பத்தியம். வந்தபின் இரண்டுமாகச் சேர்ந்து மேலும் 27 ஆண்டுகள் வாழவைத்தன. அந்த ஆண்டுகளில் அவர் கண்டறிந்த சிகிச்சையால் பிழைத்தவர்கள் எத்தனையோ பேர்.