புழுங்கல் அரிசியின் பலனை மெய்ப்பித்த கோலாலம்பூர் மருத்துவர் வில்லியம் பிளெட்சர்

கோலாலம்பூர் - தோட்டத்திலும் பட்டணத்திலும் நம் பாட்டிமார் வடித்த புழுங்கல் அரிசிச் சோறு, மலாயாவில் ஆயிரக்கணக்கானோரைப் பலி கொண்ட ஒரு நோய்க்குத் தடுப்பாக இருந்தது. அதைச் சோதனை நடத்தி மெய்ப்பித்தவர் கோலாலம்பூர் மாவட்ட மருத்துவராகப் பணியாற்றிய பிரிட்டிஷ்காரர் வில்லியம் பிளெட்சர். மருத்துவ வரலாற்று நூல்களில் இடம் பெற்றுவிட்ட அவர் பெயர் நம் மக்களிடையே அதிகம் பேசப்படுவதில்லை.

அந்த நோயின் பெயர் பெரிபெரி. முதலில் கால் மரத்துப் போகும். பிறகு உடல் வீங்கும், மூச்சு முட்டும், கடைசியில் இதயம் நின்றுவிடும். 1900ஆம் ஆண்டுவாக்கில் ஈய லம்பங்களில் வேலை செய்த சீனத் தொழிலாளர்களே இதற்கு அதிகம் பலியானார்கள். சிறைகளும் மருத்துவமனைகளும் இந்நோயாளிகளால் நிறைந்திருந்தன. 1900இல் கோலாலம்பூரில் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் தொடங்கப்பட்டபோது, மலேரியாவும் பெரிபெரியும்தான் அதன் முன்னிருந்த பெரிய வேலைகள். கழகத்தின் முதல் இயக்குநர் ஹேமில்டன் ரைட், இது கிருமியால் பரவும் நோய் என்றே கருதினார்.

நெகிரி செம்பிலானில் பணியாற்றிய மருத்துவர் பிராடன் வேறொன்றைக் கவனித்தார். தமிழர்களுக்கு இந்நோய் அரிதாகவே வந்தது. சீனர்கள் சயாமிலிருந்து வந்த வெள்ளைப் பச்சரிசியைச் சாப்பிட்டார்கள். தமிழர்கள் சாப்பிட்டது நெல்லை ஊற வைத்து, அவித்து, காய வைத்துக் குத்திய புழுங்கல் அரிசி. வேறுபாடு அரிசியில்தான் என்றார் பிராடன். பிளெட்சருக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஆனாலும் அதைச் சோதித்துப் பார்க்க முடிவு செய்தார்.

தஞ்சோங் ரம்புத்தான் மனநல மருத்துவமனை 1911இல்தான் திறக்கப்பட்டது. அதற்கு முன் கோலாலம்பூரிலேயே ஒரு மனநலக் காப்பகம் இருந்தது. 1905இல் அங்கு பெரிபெரி கடுமையாகப் பரவியது. அவ்வாண்டு டிசம்பர் 5ஆம் தேதி, பிளெட்சர் நோயாளிகளைச் சாப்பாட்டுக் கொட்டகையில் வரிசையாக நிறுத்தி எண்ணச் செய்தார். ஒற்றைப்படை எண் பெற்றவர்கள் முற்றத்தின் ஒரு பக்கக் கட்டடத்திற்கும், இரட்டைப்படை எண் பெற்றவர்கள் எதிர்ப்பக்கக் கட்டடத்திற்கும் அனுப்பப்பட்டார்கள். இரண்டும் ஒரே மாதிரியான கட்டடங்கள். மற்ற உணவிலும் மாற்றம் இல்லை. முதல் பிரிவுக்கு வழக்கமான சயாம் பச்சரிசியும் இரண்டாவது பிரிவுக்கு இந்தியப் புழுங்கல் அரிசியும் வழங்கப்பட்டன.

நோய் கட்டடத்திலிருந்து வருகிறதா என்ற ஐயத்தைத் தீர்க்க, 1906இன் நடுவில் இரு பிரிவினரையும் இடம் மாற்றினார். அப்போதும் பச்சரிசி உண்டவர்களையே நோய் பிடித்தது.

1906 முடியும்போது கணக்கு தெளிவாக இருந்தது. பச்சரிசி உண்ட 120 பேரில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினருக்கு நோய் கண்டது. 18 பேர் இறந்தார்கள். புழுங்கல் அரிசி உண்ட 123 பேரில் இருவருக்கு மட்டுமே நோய் இருந்தது. அந்த இருவரும் காப்பகத்திற்கு வரும்போதே நோயோடு வந்தவர்கள். இந்தப் பிரிவில் பெரிபெரியால் ஒருவர்கூட இறக்கவில்லை. நோய் கண்ட சிலருக்குப் புழுங்கல் அரிசி கொடுத்தபோது அவர்கள் தேறினார்கள். தம் எண்ணத்திற்கு மாறாக வந்த இந்த முடிவை பிளெட்சர் மறைக்கவில்லை. 1907இல் லண்டனின் லான்செட் மருத்துவ இதழில் வெளியிட்டார்.

காரணம் மட்டும் அவருக்குப் பிடிபடவில்லை. பச்சரிசியில் நஞ்சு இருக்கலாம், அல்லது ஏதோ ஒரு சத்து குறைவாக இருக்கலாம் என்று எழுதினார். அவரைத் தொடர்ந்து ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்த பிரேசரும் ஸ்டான்டனும் நெகிரி செம்பிலானில் சாலைத் தொழிலாளர்களிடையே சோதனை நடத்தினார்கள். அரிசியைத் தீட்டும்போது தவிட்டோடு போய்விடும் சத்துதான் காரணம் என்ற முடிவுக்கு வந்தார்கள். இன்று அது வைட்டமின் பி1, அதாவது தயமின் என்று அறியப்படுகிறது. நெல்லை உமியோடு ஊற வைத்து அவிக்கும்போது இச்சத்தில் ஒரு பகுதி அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. அதனால் தீட்டினாலும் முழுவதும் போவதில்லை.

பிளெட்சர் பின்னர் ஆராய்ச்சிக் கழகத்தில் பணியாற்றினார். மண்ணிலும் நீரிலும் வாழும் கிருமியால் வரும் ஒரு நோய்க்கு, ஸ்டான்டனுடன் சேர்ந்து 1921இல் மெலியோய்டோசிஸ் என்று பெயரிட்டார். இனிப்புநீர் உள்ளவர்களை இன்றும் அதிகம் தாக்கும் நோய் இது. 1920களில் டைபஸ் காய்ச்சலில் இரு வகை இருப்பதைத் தம் சகாக்களுடன் சேர்ந்து காட்டினார். ஒன்று பட்டணத்துக் கடைவீதிகளில் கண்டது. மற்றொன்று லாலாங் மண்டிய நிலத்திலும் செம்பனைத் தோட்டங்களிலும் வேலை செய்தவர்களைத் தாக்கியது. அவர்களில் நம்மவர்களும் உண்டு.

ஆனாலும் அவருடைய வாழ்க்கையைச் சொல்லும்போது அந்தப் 18 பேரை விட்டுவிட முடியாது. சோதனைக்குச் சம்மதமா என்று கேட்டால் பதில் சொல்லும் நிலையில் பலர் இருந்திருக்க மாட்டார்கள். எந்த அரிசி என்பதை வரிசையில் அவர்கள் நின்ற இடமே தீர்மானித்தது. இன்று நம் மருத்துவமனைகளில் இப்படியொரு சோதனைக்கு நன்னெறிக் குழுவின் அனுமதியும், நோயாளியின் அல்லது அவருக்குப் பொறுப்பானவரின் எழுத்துப்பூர்வமான சம்மதமும் வேண்டும். ஒரு பக்கம் மட்டும் ஆட்கள் இறந்துகொண்டிருந்தால் சோதனையைப் பாதியிலேயே நிறுத்தியிருப்பார்கள்.

புழுங்கல் அரிசி தமிழர்களை எல்லாவற்றிலிருந்தும் காப்பாற்றிவிடவில்லை. அதே காலத்தில் மலேரியா தோட்ட லயங்களில் நம்மவர்களைக் கூட்டம் கூட்டமாகக் கொண்டுபோனது. ஆனால் பெரிபெரி நம்மிடம் அதிகம் நெருங்காததற்கு, நெல்லை அவித்துக் குத்தும் பழைய வழக்கமே காரணம். அது வெறும் பழக்கமல்ல, உயிர் காக்கும் உணவு என்பதை உலகம் ஏற்கும் கணக்காக மாற்றியவர் பிளெட்சர். அந்தக் கணக்குக்கு விலை கொடுத்தவர்கள் கோலாலம்பூர் காப்பகத்தின் நோயாளிகள்.