உத்தியோகமும் பார்த்தார், மகாகவியும் ஆனார்

தம்பானூர் ரயில் நிலையத்தில் வந்து இறங்கும் நம் அங்கத்தினர்கள் பெரும்பாலும் நேரே கிழக்குக் கோட்டைக்குப் போய்ப் பத்மநாப ஸ்வாமியைத் தரிசித்துவிட்டு, மறு வண்டியில் ஊர் திரும்பிவிடுகிறார்கள். அதே தம்பானூரிலிருந்து ஆட்டோவில் ஏறினால் சிறிது நேரத்தில் ஜகதி வந்துவிடும். மகாகவி உள்ளூர் எஸ். பரமேஸ்வரய்யர் பெயரில் அங்கே ஒரு நினைவு நூலகம் இருக்கிறது. தம்பானூர்வாசியான நான் எத்தனையோ முறை அந்த வழியாகப் போயிருக்கிறேன். ஆனால் அவருடைய வாழ்க்கையின் அருமை, நான் ஓய்வு பெற்ற பிறகுதான் எனக்குப் புரிந்தது.

வெளியூர் அன்பர்களுக்கு ஒரு விளக்கம். உள்ளூர் என்பது திருவனந்தபுரத்தின் ஒரு பகுதியின் பெயர். அதுவே அவர் தந்தை சுப்ரமண்ய அய்யரின் பூர்வீக இடம். தாயார் பகவதி அம்மாள். சங்கனாசேரி அருகே பெருன்னையில், தாயார் வழி வீட்டில், 1877ஆம் ஆண்டு ஜூன் 6ஆம் தேதி பரமேஸ்வரய்யர் பிறந்தார். தந்தை பள்ளி ஆசிரியர். பிள்ளை படித்துக்கொண்டிருக்கும்போதே அவர் காலமாகிவிட, குடும்பம் உள்ளூருக்குக் குடிபெயர்ந்தது. மூத்த பிள்ளையின் தலையில் எவ்வளவு பாரம் விழுந்திருக்கும் என்பதை நம் குடும்பங்களில் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

படிப்பை அவர் விடவில்லை. திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரியில் தத்துவத்தில் ஹானர்ஸுடன் 1897இல் பி.ஏ. தேறினார். உடனே ஆசிரியர் வேலை. வேலையில் இருந்துகொண்டே சட்டப் பட்டம் பெற்றார். மலையாளத்திலும் தமிழிலும் எம்.ஏ.வும் முடித்தார். இன்றுள்ள தபால்வழிக் கல்வியோ, மாலைநேர வகுப்புகளோ இல்லாத காலம் அது. பகல் முழுவதும் ஊதியத்துக்குப் போக, மிஞ்சிய நேரம்தான் அவருடைய கல்லூரி.

பிறகு திருவிதாங்கூர் அரசுப் பணி. தாசில்தார், முன்சீஃப் என்று படிப்படியாக உயர்ந்து, நிலவரி மற்றும் வருமானவரி ஆணையராகவும், சிறிது காலம் பொறுப்புத் தலைமைச் செயலாளராகவும் இருந்தார். அரசாங்க உத்தியோகம் என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். ஃபைல் தீர்ந்தது என்று எழுந்தால், அடுத்த கட்டு மேஜைக்கு வந்திருக்கும். அந்த உத்தியோகத்தில் இருந்துகொண்டேதான், வேணாட்டை ஆண்ட உமயம்மை ராணியின் கதையை 19 சர்க்கங்களில், இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட சுலோகங்களில், 'உமாகேரளம்' என்ற மகாகாவியமாக 1914இல் வெளியிட்டார். இரண்டாம் எழுத்து ஒன்றிவரும் கட்டுப்பாட்டுடன் பாடியது அது. தமிழில் எதுகை என்கிறோமே, அதேதான். அவசரத்தில் செய்து முடிக்கும் வேலை அல்ல.

நான் விஞ்ஞானம் படித்தவன், கணக்குப் போட்டுப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. நாளைக்கு ஒரு சுலோகம் என்று வைத்தால்கூட இரண்டாயிரம் சுலோகங்களுக்கு ஐந்தரை வருஷம் ஆகும். இன்னொரு கணக்கும் உண்டு. 'உமாகேரளம்' வந்த 1914 முதல் அவர் மறைந்த 1949 வரை 35 வருஷங்கள். தினம் ஒரு மணி நேரம் என்றால் 12,775 மணி. எட்டு மணி நேர வேலைநாளாக மாற்றினால் சுமார் 1,600 நாட்கள், அதாவது ஒரு நாள்கூட விடுப்பில்லாமல் நாலு வருஷத்துக்கு மேல் முழுநேர உழைப்பு. நாம் பேப்பர் பார்த்துக்கொண்டு கழிக்கும் ஒரு மணிக்குள் இவ்வளவு அடங்கியிருக்கிறது!

அவரிடம் நான் வியக்கும் இன்னொரு குணம், பழக்கம் அவரை இறுக்கிவிடவில்லை என்பது. குமாரன் ஆசான், வள்ளத்தோள், உள்ளூர் என்று மூவரையும் சேர்த்தே மலையாளிகள் சொல்வார்கள். உள்ளூருக்கு வார்த்தைப் பகட்டு அதிகம், புலமை உணர்ச்சியை மறைக்கிறது என்று குறை சொன்னவர்களும் உண்டு. அவரோ காலத்துக்கேற்பத் தம் நடையை மாற்றிக்கொண்டார். உயர்ந்த பதவியில், ஐம்பது வயதைக் கடந்த பின், 'பிங்களா', 'கர்ணபூஷணம்' ஆகிய இரண்டு கண்ட காவியங்களையும் 1929இல் வெளியிட்டார். சூரியன் எச்சரித்தும் கவச குண்டலங்களைக் கொடுத்துவிடும் கர்ணனின் கதை பின்னது. 1937இல் திருவிதாங்கூர் மன்னர் அவருக்கு மகாகவி பட்டம் அளித்தார்.

பட்டங்களோடு அவர் உட்கார்ந்துவிடவில்லை. ஏட்டுச் சுவடிகளைத் தேடுவதும், ஒப்பிடுவதும், பதிப்பிப்பதும் உத்தியோக காலத்திலிருந்தே அவருடைய பழக்கம். 'ராமசரிதம்' என்ற பழம்பெரும் நூலின் ஒரு பகுதியை 1917லேயே அச்சில் கொண்டுவந்தவர் அவர். இப்படிச் சேர்ந்த அறிவெல்லாம் கடைசியில் 'கேரள சாகித்ய சரித்திரம்' ஆயிற்று. மலையாளம் மட்டுமன்றி, கேரளத்தவர் இயற்றிய வடமொழி, தமிழ் நூல்களையும் தழுவிய ஐந்து தொகுதிகள். அவற்றைப் புத்தகமாகப் பார்க்க அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை. 1949 ஜூன் 15 அன்று, 72 வயதில் காலமானார். திருவிதாங்கூர் பல்கலைக்கழகம் 1953இல் முதல் தொகுதியை வெளியிட்டது, 1955க்குள் ஐந்தும் வந்தன. இன்றும் அத்துறையில் ஆராய்ச்சி செய்பவர்கள் அதைப் புரட்டாமல் மேலே போவதில்லை.

இனி என் கதை. ஓய்வு பெற்றால் எங்கள் குடும்ப வரலாற்றை எழுதவேண்டும் என்று வெகுநாள் ஆசை. கிராமத்து மனிதர்கள், உறவுமுறைகள், யார் எந்த வருஷம் எந்த ஊருக்குப் போனார்கள் என்பதெல்லாம் என் மூத்த அக்காவுக்கு அத்துப்படி. ஓய்வும் பெற்றேன். நல்ல நோட்டுப் புத்தகம் வாங்கினேன். காலை ஐந்து மணி முதல் இரவு வரை கால அட்டவணை போட்டேன். நாலாம் நாள் ஒரு கல்யாணம், அப்புறம் ஒரு ஜுரம், அட்டவணை போயிற்று. நேரம் நிறைய இருக்கிறதே, பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தேன். இரண்டாவது வருஷம் அக்கா போய்விட்டாள். அவளோடு பாதி சரித்திரமும் போய்விட்டது.

நேரம் இல்லாதவர் ஐந்து தொகுதி எழுதினார், நேரம் இருந்தவன் ஐந்து பக்கம் எழுதவில்லை என்பதை ஜகதியைக் கடக்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன். அதன்பின் அட்டவணையைக் கிழித்துப் போட்டேன். காலைக் காப்பிக்குப் பிறகு அரை மணி, ஒரே நாற்காலி, ஒரே நோட்டு. வெளியூர் போனாலும் நோட்டு கூடவே வரும். ஒரு நாள் தவறினால் மறுநாள் தவறக்கூடாது என்பது மட்டும்தான் விதி. எனக்குத் தெரிந்தவரை 140 பக்கம் ஆகியிருக்கிறது. விட்டுப்போன இடங்களில் அக்காவின் பெயரைப் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன்.

இதைப் படிக்கும் அன்பர்கள் வீட்டிலும் ஒரு பெரியவர் இருப்பார், எழுதாத ஒரு நோட்டும் இருக்கும். நாளைக் காலையே அவர் பக்கத்தில் அரை மணி உட்காருங்கள்.