ஒன்பதாவது பதக்கம்

காற்பந்துக்கும் பூப்பந்துக்கும் பழகிய நமக்கு ஹர்லிங் என்னும் ஆட்டத்தின் பெயர்கூடப் புதிதாக இருக்கலாம். அயர்லாந்து மக்களுக்கோ அது வெறும் ஆட்டமன்று. ஊர், குடும்பம், மானம் எல்லாம் அதில் அடக்கம். அணிக்குப் பதினைந்து பேர். ஆஷ் மரத்தில் செதுக்கிய, அடிப்பகுதி அகன்று வளைந்த மட்டை ஒன்று ஒவ்வொருவர் கையிலும் இருக்கும். சிறிய, கெட்டியான தோல் பந்தைத் தரையிலும் அடிக்கலாம், அந்தரத்தில் வரும்போதும் அடிக்கலாம், கையால் பிடிக்கலாம், மட்டையின் மேல் நிறுத்திக்கொண்டு ஓடவும் செய்யலாம். குறுக்குச் சட்டத்துக்குக் கீழே வலைக்குள் பந்து போனால் ஒரு கோல். அது மூன்று புள்ளிகளுக்குச் சமம். சட்டத்துக்கு மேலே இரு கம்பங்களுக்கிடையில் பறந்தால் ஒரு புள்ளி. நாம் பேசப்போகும் காலத்தில் தலைக்கவசம் யாரும் அணிந்ததில்லை. உயர்ந்து வரும் பந்துக்காகத் தலைகளுக்கு மேலே நாலைந்து மட்டைகள் ஒரே நேரத்தில் வீசப்படுவதை எண்ணிப் பாருங்கள். அந்த ஆட்டத்துக்கு எவ்வகை நெஞ்சுரம் வேண்டும் என்பது விளங்கும்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இந்த ஆட்டத்தில் சம்பளம் கிடையாது. 1884-ஆம் ஆண்டில் தர்லஸ் என்ற ஊரில் தோன்றிய கேலிக் விளையாட்டுச் சங்கம் இன்றுவரை அந்தக் கொள்கையைக் கைவிடவில்லை. ஞாயிற்றுக்கிழமை எண்பதாயிரம் பேர் ஆர்ப்பரிக்க ஆடியவர், திங்கட்கிழமை காலையில் வழக்கமான வேலைக்குப் போக வேண்டும். பணம் அதிகம் தருகிறார்கள் என்று வேறோர் அணிக்குத் தாவும் வழியும் இல்லை. சொந்த மாவட்டத்துக்காக ஆடுவதே வழக்கம். பட்டம் வாங்குவதற்கு முன்பே தொடக்கச் சம்பளத்தைக் கணக்குப் போட்டுப் பார்க்கும் நமக்கு இது சற்று விநோதமாகத்தான் தோன்றும். இந்த ஆட்டத்தில் தலைசிறந்தவர் யார் என்று கேட்டால் பெரும்பாலோர் இன்றும் முதலில் சொல்லும் பெயர் கிறிஸ்டி ரிங். அவர் பிழைப்புக்கு லாரி ஓட்டினார்.

ரிங் 1920-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் அயர்லாந்தின் தென்கோடியில் உள்ள கார்க் மாவட்டத்தில், குளோயின் என்ற சிற்றூரில் பிறந்தார். பழமையான வட்டக் கல்கோபுரம் ஒன்று இன்றும் அவ்வூரில் நிற்கிறது. தத்துவம் பயிலும் நண்பர்களுக்கு வேறொரு வகையிலும் இவ்வூர் அறிமுகமாகியிருக்கும். பதினெட்டாம் நூற்றாண்டில் ஜார்ஜ் பெர்க்லி என்ற தத்துவஞானி இங்கேதான் ஆயராக இருந்தார். பொருள்கள் நம் மனத்துக்கு வெளியே உள்ளனவா என்று வாதிட்டவர் அவர். அதே ஊரில் பிறந்த ரிங்கின் மட்டைக்கு எதிரே நின்ற கோல் காவலர்களுக்கு, பந்து உண்மைப் பொருளா என்னும் ஐயம் ஒருபோதும் எழுந்திருக்காது.

எளிய குடும்பம். படிப்பு நெடுந்தூரம் போகவில்லை. இளவயதிலேயே வாகனம் பழுதுபார்க்கும் தொழில் கற்கச் சென்றார். 1938-இல் கார்க் மாவட்டத்தின் இளையோர் அணியில் ஆடி அனைத்து அயர்லாந்துப் பட்டம் வென்றார். 1941-இல் கார்க் நகரின் வடபகுதியான பிளாக்பூலில் இயங்கிய கிளென் ரோவர்ஸ் கழகத்தில் சேர்ந்தார். கடைசிவரை அவருடைய கழகம் அதுதான்.

அதே கழகத்தில் ரிங்கைவிட மூன்று வயது மூத்த ஆட்டக்காரர் ஒருவர் இருந்தார். பெயர் ஜேக் லிஞ்ச். பகலில் அரசாங்க வேலை பார்த்துக்கொண்டே சட்டம் படித்தவர். 1941 முதல் 1946 வரை ஒவ்வோர் ஆண்டும் ஓர் அனைத்து அயர்லாந்துப் பதக்கம் வென்றவர். அவற்றுள் ஐந்து ஹர்லிங்கில், ஒன்று கேலிக் காற்பந்தில். பின்னாளில் அவர் அரசியலில் இறங்கி 1966-இல் அயர்லாந்தின் பிரதமரானார். ஒரே கழகச் சீருடையில் தோளோடு தோள் நின்று ஆடிய இருவரில் ஒருவர் நாட்டை நடத்தப் போனார்; மற்றவர் எண்ணெய் நிறுவனத்து லாரியில் ஏறினார். இந்த வேறுபாட்டை அவர்கள் இருவருமே பெரிதாக நினைத்ததாகத் தெரியவில்லை. கார்க் மக்கள் நினைக்கவே இல்லை.

ரிங்கின் முதல் மூத்தோர் பட்டம் 1941-இல் வந்தது. அதில் ஒரு வேடிக்கை உண்டு. அவ்வாண்டு கால்நடைகளுக்குக் கோமாரி நோய் பரவியதால் மன்ஸ்டர் மாகாணப் போட்டிகளை உரிய காலத்தில் முடிக்க முடியவில்லை. கார்க் அணி மாகாணத்தின் சார்பில் நியமனம் பெற்று, இறுதியாட்டத்தில் டப்ளினைத் தோற்கடித்தது. பின்னர் தள்ளிவைக்கப்பட்டிருந்த மாகாண இறுதியாட்டம் நடந்தபோது டிப்பரரி அணி கார்க்கை வென்றுவிட்டது! நாட்டுக்கே வெற்றியாளர்களாக இருந்தவர்கள் சொந்த மாகாணத்தில் தோற்றுப்போனார்கள். ஆயினும் கார்க் 1942, 1943, 1944 ஆகிய ஆண்டுகளிலும் வென்று, தொடர்ந்து நான்கு பட்டங்கள் என்னும் புதிய சாதனையைப் படைத்தது.

அந்த நான்காவது பட்டம் கைநழுவிப் போயிருக்கும். 1944-இல் போர்க்கால எரிபொருள் தட்டுப்பாடு. பேருந்தும் வாடகை வண்டியும் ஓடாத அந்நாளில், மன்ஸ்டர் இறுதியாட்டத்தைக் காண மக்கள் ஆயிரக்கணக்கில் மிதிவண்டியில் தர்லஸ் நகருக்கு வந்தார்கள். கார்க்கும் லிமெரிக்கும் சமநிலை கண்டன. மறு ஆட்டத்திலும் மீண்டும் சமநிலைதான் என்றிருந்த கடைசி நேரத்தில், ரிங் தம் பாதியிலேயே பந்தை எடுத்துக்கொண்டு ஓடிச் சென்று தொலைவிலிருந்து அடித்தார். அது கோலாயிற்று. பல மைல் மிதிவண்டி மிதித்து வந்த லிமெரிக் ஆதரவாளர்கள் அதே பல மைல்களைத் திரும்பவும் மிதிக்க வேண்டியிருந்தது. 1946-இல் அவர் அணித்தலைவர். கில்கென்னிக்கு எதிரான இறுதியாட்டத்தில் இடைவேளைக்குச் சற்று முன் தனியொருவராகப் பலரைக் கடந்து சென்று அவர் அடித்த கோலைப் பற்றி, நேரில் பார்த்தவர்கள் முதுமையிலும் பேசிக்கொண்டிருந்தார்கள்.

பிறகு வறட்சி. 1947-இல் கில்கென்னியிடம் ஒரே ஒரு புள்ளியில் இறுதியாட்டத்தைக் கார்க் இழந்தது. 1949 முதல் 1951 வரை மூன்றாண்டுகளும் டிப்பரரியின் ஆதிக்கம். முப்பது வயதைக் கடந்தவர்கள் மட்டையை ஆணியில் மாட்டிவிடும் காலம் அது. ரிங் மாட்டவில்லை. 1952, 1953, 1954 என்று மீண்டும் தொடர்ச்சியாக மூன்று பட்டங்கள். கடைசி இரண்டிலும் அவரே தலைவர். 1954-ஆம் ஆண்டு வெக்ஸ்ஃபோர்டுக்கு எதிரான இறுதியாட்டத்துக்கு டப்ளினின் குரோக் பார்க் அரங்கில் 84,856 பேர் கூடினார்கள். ஹர்லிங் ஆட்டமொன்றுக்கு அதுவரை அவ்வளவு கூட்டம் வந்ததில்லை. கார்க் வென்றது. எட்டுப் பதக்கங்கள் பெற்ற முதல் ஆட்டக்காரர் ரிங். மூன்று முறை தலைவராகக் கிண்ணத்தைப் பெற்றுக்கொண்ட முதல் மனிதரும் அவரே.

இங்கே ஒரு கறையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 1953 இறுதியாட்டத்தில் ரிங்கைக் காத்து நின்ற கால்வே ஆட்டக்காரர் மிக் பர்க், ரிங்குடன் ஏற்பட்ட மோதலில் காயமடைந்தார். வேண்டுமென்றே அடித்தார் என்று கால்வே அணியினர் கொதித்தார்கள். ஆட்டம் முடிந்த பிறகு விடுதி வரைக்கும் அந்தச் சண்டை தொடர்ந்தது. ரிங் திடலில் சாதுவாக இருந்தவர் அல்லர். தோற்பதை வெறுத்தார், தம்மைத் தடுக்க வந்தவர்களிடம் இரக்கம் காட்டியதில்லை. அவரைத் தெய்வமாக்கி எழுதுகிறவர்கள் இப்பகுதியை வேகமாகக் கடந்துவிடுகிறார்கள். அது முறையன்று என்பது என் கருத்து.

அவருடைய திறமைக்கு மூலம் எது? நெடிய உருவம் இல்லை. கட்டுமஸ்தான தோள்களும் உறுதியான மணிக்கட்டுகளும் இருந்தன. மற்றவை எல்லாம் பயிற்சிதான். லாரியில் மட்டையும் பந்தும் எப்போதும் இருக்கும் என்றும், எண்ணெய் இறக்கப் போன இடங்களில் சற்று ஓய்வு கிடைத்தால்கூடச் சுவரில் பந்தடிப்பார் என்றும் கார்க் மக்கள் சொல்வார்கள். எந்தக் கோணத்திலிருந்து அடித்தால் பந்து எங்கே போகும் என்பதை ஒரு மாணவனைப் போல் ஆராய்ந்தவர். 1964-இல் இயக்குநர் லூயி மார்க்கஸ் அவரைப் பற்றி எடுத்த படத்தில் ரிங்கே தம் அடிமுறைகளைச் செய்து காட்டுகிறார். ஆட்டம் கற்கும் சிறுவர்களுக்கு அதுவே பாடநூலாயிற்று.

இனி 1956. என்னைக் கேட்டால், ரிங்கின் எட்டு வெற்றிகளையும்விட இந்தத் தோல்விதான் அவரை நமக்கு நன்றாகக் காட்டுகிறது.

அவருக்கு வயது 35. மன்ஸ்டர் இறுதியாட்டத்தில் கார்க் லிமெரிக்கிடம் பின்தங்கிக் கிடந்தது. ரிங் அதுவரை அடக்கி வைக்கப்பட்டிருந்தார். ஆட்டம் முடியும் தறுவாயில் சில நிமிடங்களுக்குள் அவர் அடுத்தடுத்து மூன்று கோல் அடித்தார். கார்க் மீண்டும் குரோக் பார்க் போயிற்று. எதிரணி வெக்ஸ்ஃபோர்டு. 1910-க்குப் பிறகு பட்டமே காணாமல், முந்தைய ஆண்டுதான் மறுபடி வென்ற மாவட்டம் அது. கார்க்கில் இளம்பிள்ளைவாதம் பரவியிருந்ததால் இறுதியாட்டம் செப்டம்பர் 23-க்குத் தள்ளிப்போனது. 83,096 பேர் வந்திருந்தார்கள். நாடு முழுவதும் ஒரே பேச்சு: ரிங்குக்கு ஒன்பதாவது பதக்கம் கிடைக்குமா?

ஆட்டம் முடியச் சில நிமிடங்களே இருந்தன. வெக்ஸ்ஃபோர்டு இரண்டு புள்ளிகள் முன்னிலையில் இருந்தது. பந்து ரிங்கிடம் வந்தது. ஒரு கோல் விழுந்தால் மூன்று புள்ளி, கார்க் முந்திவிடும். கோலை நோக்கிப் பாய்ந்து முழு வலிமையுடன் அடித்தார். வெக்ஸ்ஃபோர்டின் கோல் காவலர் ஆர்ட் ஃபோலி, உருவத்தில் சிறியவர், அந்தப் பந்தைத் தடுத்துவிட்டார். வெளியே அடித்தும் அனுப்பினார். அங்கிருந்து நகர்ந்த பந்து சற்று நேரத்தில் மறுமுனையில் நிக்கி ராக்கார்டின் மட்டையிலிருந்து கார்க்கின் வலைக்குள் போய் விழுந்தது. வெக்ஸ்ஃபோர்டு 2 கோல் 14 புள்ளி. கார்க் 2 கோல் 8 புள்ளி.

தம் கடைசி வாய்ப்பைத் தட்டிப் பறித்த ஃபோலியிடம் ரிங் ஓடிச் சென்று கைகுலுக்கினார். தோற்பதை வெறுத்தவர் என்று மேலே எழுதினேன். அந்த மனிதர்தாம் இவர். ஆட்டம் முடிந்தவுடன் இன்னொன்று நடந்தது. வெக்ஸ்ஃபோர்டின் தற்காப்பு ஆட்டக்காரர்கள் இருவர், நிக் ஓ'டோனலும் பாபி ராக்கார்டும், தங்கள் வெற்றியைக் கொண்டாடப் போகவில்லை. ஒரு மணி நேரம் ரிங்கை மட்டையோடு மல்லுக்கட்டித் தடுத்த அவ்விருவரும் அவரைத் தங்கள் தோள்மீது தூக்கி வைத்துக்கொண்டு திடலைவிட்டு வெளியேறினார்கள். வென்றவர்கள் தோற்றவரைச் சுமந்து போனார்கள்.

ஒன்பதாவது பதக்கம் அதன் பிறகும் வரவில்லை. ஆனால் ரிங் ஆடிக்கொண்டே இருந்தார். 1957-இல் மணிக்கட்டு முறிந்து திடலைவிட்டு வெளியேறும்போது எடுத்த நிழற்படம் ஒன்று அயர்லாந்தில் மிகப் பிரபலம். அன்று கோல் கம்பத்தருகே நடுவருக்குத் துணையாக நின்றவர், லிமெரிக்கின் பழைய நாயகர் மிக் மேக்கி. ஒரு காலத்தில் எதிரெதிரே நின்று மோதிய இருவரும் ஏதோ சொல்லிச் சிரித்தபடி கடந்து போகிறார்கள். என்ன சொல்லிக்கொண்டார்கள் என்பது அந்நாட்டின் தீராத புதிர்களுள் ஒன்று. 1959-இல், 38 வயதில், வெக்ஸ்ஃபோர்டுக்கு எதிரான லீக் ஆட்டமொன்றில் தனியொருவராக 6 கோல் 4 புள்ளி எடுத்தார். ஆண்டின் சிறந்த ஆட்டக்காரராகவும் தேர்வு பெற்றார். மாகாணங்களுக்கிடையிலான ரயில்வே கிண்ணப் போட்டியில் 1942-க்கும் 1963-க்கும் இடையே 18 பதக்கங்கள். கிளென் ரோவர்ஸ் கழகத்துடன் 14 மாவட்டப் பட்டங்கள், கடைசிப் பட்டம் 1967-இல். 41 வயதில்தான் திருமணம் செய்துகொண்டார் என்றால், அதுவரை அவருடைய மாலைப்பொழுதுகள் எங்கே கழிந்தன என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

எட்டுப் பதக்கங்கள் என்ற எண்ணிக்கையை 1965-இல் டிப்பரரியின் ஜான் டாயில் எட்டிப் பிடித்தார். கில்கென்னியின் ஹென்றி ஷெஃப்லின் 2014-இல் பத்தாவது பதக்கத்தையும் பெற்றுவிட்டார். எண்கள் மாறிவிட்டன. கார்க்கில் யாரும் அதற்காகப் பேச்சை மாற்றிக்கொண்டதாகத் தெரியவில்லை.

மட்டையை வைத்த பிறகு ரிங் கார்க் அணியின் தேர்வாளர் குழுவில் இடம்பெற்றார். 1976, 1977, 1978 என்று கார்க் மூன்று முறை தொடர்ந்து பட்டம் வென்றது. 1979 மார்ச் 2-ஆம் தேதி கார்க் நகரத் தெருவில் நடந்து போய்க்கொண்டிருந்தவர் மாரடைப்பால் சரிந்து விழுந்தார். வயது 58. நகரத்திலிருந்து குளோயின் வரை சவ ஊர்வலம் போன வழியெங்கும் பல்லாயிரம் பேர் நின்றார்கள். லாரி ஓட்டுநர் ஒருவரின் கல்லறை அருகே நின்று, அவ்வேளையில் பிரதமராக இருந்த ஜேக் லிஞ்ச் இரங்கலுரை ஆற்றினார். இன்று கார்க் நகரில் ரிங்கின் பெயரில் ஒரு பாலமும் ஒரு விளையாட்டரங்கும் உள்ளன. குளோயினில் சிலை இருக்கிறது.

அந்த ஆண்டு கார்க் அணி நான்காவது தொடர் பட்டத்தை எதிர்நோக்கியிருந்தது. 1941 முதல் 1944 வரை ரிங்கும் லிஞ்சும் ஆடிப் பெற்ற அதே நான்கு. அரையிறுதியில் எதிரே வந்தது கால்வே. தேர்வாளர்கள் நிற்கும் எல்லைக்கோட்டருகே ரிங் இல்லை. கார்க் தோற்றது.