இன்ஜின் இல்லாத ரயில்



ரயில்னு சொன்னா முன்னாடி இன்ஜின், பின்னாடி பெட்டிகள்னுதானே நினைக்கிறோம்? ஆனால் பூமிக்கு அடியில் ஓடும் மெட்ரோ ரயிலுக்குத் தனியா இன்ஜினே கிடையாது! இதற்கு வழி கண்டுபிடித்தவர் பிராங்க் ஸ்பிரேக்.

இவர் 1857 ஜூலை 25-ந் தேதி அமெரிக்காவில் மில்ஃபோர்டு என்ற ஊரில் பிறந்தார். சின்ன வயசிலேயே அம்மா இறந்துட்டாங்க. அத்தைதான் வளர்த்தார். கடற்படைக் கல்லூரியில் படித்து 1878-ல் தேறினார்.

1882-ல் லண்டனில் நடந்த மின்சாரக் கண்காட்சிக்குப் போனார். அங்கே சுரங்க ரயிலில் ஏறினார். அப்போ அதை நீராவி இன்ஜின்தான் இழுத்தது. சுரங்கம் பூரா கரிப்புகை! மின்சாரத்தில் ஓட்டினால் புகையே இருக்காதேன்னு யோசித்தார்.

அடுத்த வருஷம் கடற்படையை விட்டு எடிசனிடம் வேலைக்குச் சேர்ந்தார். பிறகு அதையும் விட்டுச் சொந்தக் கம்பெனி தொடங்கினார். 1888-ல் ரிச்மண்ட் நகரத்தின் மேடான தெருக்களில் மின்சார டிராம் ஓட்டிக் காட்டினார். அப்புறம் லிப்ட் செய்தார். ஒரே சுவிட்சில் பல லிப்ட்டுகளை இயக்கினபோது, ரயிலையும் இப்படி ஓட்டலாமேன்னு தோணியது.

பெட்டிகளுக்கு அடியிலேயே மோட்டார் வைத்தார். எல்லாவற்றையும் கம்பிகளால் இணைத்தார். டிரைவர் ஒரு கைப்பிடியைத் திருப்பினால் எல்லா மோட்டாரும் ஒண்ணா சுற்றும். ரயில் சட்டுனு வேகம் எடுக்கும். கடைசி ஸ்டேஷனில் இன்ஜினைக் கழற்றி மாட்டவும் வேண்டாம். தேர் இழுக்கிற மாதிரிதான். ஒருத்தர் இழுத்தா நகருமா? எல்லாரும் வடம் பிடிக்கணும்.

சிகாகோவில் தூண்கள் மேல் நீராவி ரயில் ஓட்டிய கம்பெனி, இதைச் செய்து காட்ட ஒரு லட்சம் டாலர் ஜாமீன் கேட்டது. தோற்றால் அவ்வளவு பணமும் போயிடும்! ஸ்பிரேக் துணிந்து கையெழுத்துப் போட்டார். 1897 ஜூலையில் சோதனை நடந்தது. ரயிலை ஓட்டியது யார் தெரியுமா? அவருடைய பத்து வயசு மகன்! ஒரு சின்னப் பையனே ஓட்டும் அளவுக்கு அது சுலபமாக இருந்தது. ஸ்பிரேக் ஜெயிச்சுட்டார்.

1904-ல் நியூயார்க் சுரங்க ரயிலும் இந்த முறையில் ஓடியது. 1934 அக்டோபர் 25-ல் அவர் இறந்தார். 2017-ல் சென்னையில் சுரங்கத்துக்குள் ஓட ஆரம்பித்த மெட்ரோவிலும் பெட்டிகளுக்கு அடியில்தான் மோட்டார் இருக்கு.

நான் இன்னும் மெட்ரோவில் போனதில்லை. போகும்போது இன்ஜின் எங்கேன்னு யாராவது கேட்டா, இவர் கதையைச் சொல்வேன். நீங்களும் சொல்லுங்க!

– 9-ம் வகுப்பு மாணவி